கிரீஸ் பயணத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் திருச்சியில் வசிக்கிறோம். நான் தனியார் நிறுவன ஊழியர். அவர் பள்ளி ஆசிரியை. பத்து மாதம் கழித்து, மே விடுமுறையில் கிரீஸ் செல்ல விரும்புகிறோம். ஏதென்ஸ், டெல்ஃபி, மைசீனி, கிரீட், சான்டோரினி, ரோட்ஸ், தெசலோனிகி ஆகிய ஏழு இடங்களை 14 நாளில் காட்ட, சுற்றுலா நிறுவனம் ஒன்று இருவருக்கும் சேர்த்து 8 லட்சம் ரூபாய் கேட்கிறது. டிசம்பரில் முதிரும் 5 லட்சம் வைப்புத்தொகையைத் தவிர எங்களிடம் வேறு ரொக்கச் சேமிப்பு இல்லை. மாதம் 25,000 ரூபாய் மிஞ்சும். குறையும் 3 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3 லட்சம் கடனுக்கு 24 மாதங்கள் சுமார் 14,120 ரூபாய் தவணை கட்ட வேண்டியிருக்கும்; வட்டி மட்டுமே 39,000 ரூபாயை நெருங்கும். அதைவிடக் கவலை தருவது, உங்களிடம் உள்ள 5 லட்சமும் பயணத்தில் கரைந்துவிட்டால், திரும்பி வந்த மறுநாள் மருத்துவச் செலவு ஒன்று வந்தாலும் சமாளிக்கக் கையில் எதுவும் இருக்காது என்பதுதான்.

செலவை ஏற்றுவது நாட்களின் எண்ணிக்கையைவிட இடங்களின் எண்ணிக்கைதான். ரோட்ஸ், தெசலோனிகி இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் விமானக் கட்டணமும் அரை நாளும் கூடுதலாகப் போகும். சான்டோரினியில் அறை வாடகை மிக அதிகம். வரலாற்றுக்காக அங்கு செல்வதென்றால் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட அக்ரோதிரி நகரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அங்கு கிடைத்த புகழ்பெற்ற சுவரோவியங்களில் பல, ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. கடலோர வெள்ளை வீடுகளின் முன் படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் அது வேறு கணக்கு. என் கருத்தில் இந்த மூன்றையும் விட்டுவிடலாம்.

மிஞ்சுவதே நிறைவான பயணம். ஏதென்ஸில் மூன்று இரவு தங்கி, ஒரு நாள் பேருந்தில் டெல்ஃபி சென்று திரும்பலாம். அடுத்து நாஃப்பிலியோ நகரில் மூன்று இரவு தங்கினால், மைசீனியும் எபிடாரஸ் அரங்கமும் முப்பது கிலோமீட்டருக்குள் அமைந்துவிடும். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலில் கிரீட் தீவின் ஹெராக்லியன் நகருக்குச் செல்வது ஓர் இரவு விடுதிச் செலவை மிச்சப்படுத்தும். க்னோசோஸ் அரண்மனை அந்நகரை ஒட்டியே இருக்கிறது. கிரீட்டில் நான்கு இரவு தங்கியபின் விமானத்தில் ஏதென்ஸ் திரும்பி, கடைசி இரவை அங்கேயே கழியுங்கள். உள்நாட்டு விமானம் தாமதமாகி, தனி டிக்கெட்டில் எடுத்த சென்னை விமானத்தைத் தவறவிட்டால் அந்த இழப்பு உங்களுடையது.

யூரோவை 105 ரூபாயாகக் கொண்டு நான் ஒதுக்கும் தொகை இது: சென்னையிலிருந்து விமானம் 1.5 லட்சம், 90 யூரோ அளவிலான அறைகளில் 11 இரவு சுமார் 1.04 லட்சம், உணவு 70,000, உள்ளூர்ப் போக்குவரத்து 45,000, விசாவும் காப்பீடும் 30,000, நுழைவுச் சீட்டுகள் 25,000. பத்து சதவீதம் கூடுதலாக வைத்தாலும் 4.75 லட்சத்தில் முடியும். முன்பதிவு விலையில் சேராத ஒரு செலவும் உண்டு: மூன்று நட்சத்திர விடுதியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு இரவுக்கு 5 யூரோ அரசு வரியை அங்கேயே கட்ட வேண்டும். அக்ரோபோலிஸ் சீட்டு ஒருவருக்கு 30 யூரோ. பல இடங்களுக்கும் சேர்த்துத் தந்த கூட்டுச் சீட்டு 2025 ஏப்ரலில் நிறுத்தப்பட்டதால், பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மாதம் மிஞ்சும் 25,000 ரூபாயை இன்றே தொடர் வைப்பில் போடத் தொடங்கினால் மே மாதத்துக்குள் 2.5 லட்சம் சேரும். டிசம்பரில் முதிரும் தொகையில் 2.25 லட்சத்தை மட்டும் விமானத்துக்கும் விசாவுக்கும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய 2.75 லட்சத்தை மீண்டும் வைப்பில் போட்டுவிடுங்கள். அது அவசரக் கால நிதி.

கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையே பதிவு செய்யுங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யலாம், அலுவலகத்தில் தெரிவித்துச் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலும் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை பணம் முடங்கும். நீங்களே பதிவு செய்து, யூரோ கார்டில் பணம் ஏற்றிச் சென்றால், நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை அந்தப் பிடித்தம் இல்லை. யூரோவை ஒரே நாளில் வாங்காமல், பிப்ரவரியிலிருந்து மூன்று நான்கு தவணையாக ஏற்றுங்கள். சாதாரணக் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு என்பதால், அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும், உணவகத்தில் நீட்டும் கருவியில் யூரோ, ரூபாய் என இரண்டு தொகைகள் தோன்றினால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி தீர்மானிக்காது, அந்தக் கருவியை வைத்திருப்பவர் தமக்கு லாபம் சேர்த்துத் தீர்மானிப்பார்.