கடையை மூடிவிட்டு ஊழியத்துக்குப் போகலாமா?

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, ஸ்தோத்திரம். நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வருமானத்துக்குக் குறைவில்லை. போன மாதம் உபவாசக் கூட்டத்தில் பேசிய ஊழியர், உலக வேலையில் ஓடுகிறவன் ஆண்டவருக்கு மிச்சத்தைத்தான் கொடுக்கிறான் என்றார். அன்றிலிருந்து கடையில் உட்கார்ந்தாலே மனசு குத்துகிறது. மூடிவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடலாமா?

அன்புள்ள தம்பி,

ஆண்டவருடைய அழைப்பு இருந்தால் போங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் அழைப்பு எங்கே இருக்கிறது? ஒருவர் பேசியதால் வந்த பயம்தான் எனக்குத் தெரிகிறது.

லூக்கா 3-ஐ எடுத்து வாசியுங்கள். ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர்களும் (வரி வசூலிக்கிறவர்கள்) போர்ச்சேவகர்களும் யோவான் ஸ்நானகனிடம் இதையேதான் கேட்டார்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று. ஆயக்காரன் வேலை ஊரே காறித் துப்பிய வேலை, அதையே விட்டுவிடச் சொல்லவில்லை அவர். குறித்ததற்கு மேல் வாங்காதே என்றார், சேவகர்களிடம் யாரையும் மிரட்டிப் பிடுங்காதே, சம்பளம் போதும் என்றிரு என்றார். அவ்வளவுதான். ஆயக்காரனாயிருந்த மத்தேயுவை இயேசு கூப்பிட்டார், அவர் வேலையை விட்டு எழுந்து போனார், சரி. ஆயக்காரருக்குத் தலைவனான சகேயுவை அப்படி வேலையை விட்டு வரக் கூப்பிட்டதாக வசனம் இல்லையே. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன அன்றே இரட்சிப்பு அவன் வீட்டுக்கு வந்தது.

இப்போது உங்கள் கடைக்கு வருகிறேன். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவருகிற விவசாயிக்கு உள்ளே என்ன சுற்றியிருக்கிறீர்கள் என்று தெரியாது. செம்புக்குக் காசு வாங்கிக்கொண்டு அலுமினியக் கம்பியைச் சுற்றி மேலே வார்னிஷ் பூசிக் கொடுத்தால், அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கொஞ்ச நாளில் சூடேறி மறுபடி எரியும், கரண்ட் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம், அதற்குள் பயிர் காய்ந்திருக்கும். கிரீஸ் மட்டும் வைத்துவிட்டு பேரிங் மாற்றினேன் என்று பில் போடுவதும் இதே ரகம்தான். யாரும் திறந்து பார்க்காத அந்த இடத்தில் நீங்கள் செம்பையே சுற்றுகிறீர்கள் என்றால் அது ஆண்டவருக்குக் கொடுத்த மிச்சம் இல்லை தம்பி, முதல் பங்கு. கல்லாப் பக்கத்தில் வசனக் காலண்டர் மாட்டுவதைவிட இதைப் பெரிதாக நினைக்கிறேன்.

அப்போஸ்தலன் பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கிக் கூடாரம் செய்தார். சுவிசேஷம் சொல்கிறவன் அதனாலே பிழைக்கலாம் என்று எழுதியவரும் அவர்தான் (1 கொரிந்தியர் 9), அந்த உரிமையைத் தனக்கென்று பயன்படுத்தவில்லை. தெசலோனிக்கேயாவில் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் உழைத்தார். எபேசியர் 4:28-ல் ஒரு படி மேலே போகிறார்: திருடினவன் திருட்டை விட்டால் மட்டும் போதாது, தன் கையால் வேலை செய்து இல்லாதவனுக்கும் கொடுக்க வேண்டும்.

அப்புறம், கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் இருப்பானே, அவனுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா? பிடித்துவைத்த கூலி ஆண்டவர் காதுக்குப் போய்க் கூப்பிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. மனசு குத்த வேண்டுமானால் இங்கே குத்தட்டும்.

கடையை மூட வேண்டாம். ஞாயிறு மட்டும் பூட்டிவிட்டு ஆராதனைக்குப் போங்கள், அன்று பையனுக்கும் சம்பளத்தோடு லீவு கொடுங்கள்.