அப்பா எதற்காக உன்னிடம் சொன்னார்?

கேள்வி: மருத்துவப் படிப்பில் நான்காம் ஆண்டு. மனநலப் பிரிவில் போஸ்டிங். இந்த வருஷ வெயிலில் விடுதி அறையில் தூங்கவே முடியவில்லை. பகல் முழுக்க வார்டில் நோயாளிகளின் கதைகளைக் கேட்டு, எனக்கும் மனநோய் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மா மனநோய்க்காகப் பல வருஷமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். வெயில் தொடங்கியதிலிருந்து கை நடுக்கம் கூடியிருப்பதாக அப்பா சொன்னார். கேட்டால் கவலை கூடும் என்று ஒரு வாரமாக வீட்டுக்குப் பேசவில்லை. எனக்கு மன அமைதி கிடைக்க வழி சொல்லுங்கள். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, உன் மன அமைதியை அப்புறம் பார்க்கலாம். நான்கு பக்கக் கடிதத்தில் அம்மாவின் கை நடுக்கத்துக்கு நீ கொடுத்தது இரண்டு வரி. அச்சில் வரும்வரை காத்திருக்க மனசு கேட்காமல், இந்தப் பதிலை அன்றே உனக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

லித்தியம் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே மாத்திரைதான், ரத்தத்தில் மட்டும் அளவு ஏறிவிடும். வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் நச்சு. நாள்பட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு அதற்குக் கீழேயும் வரலாம். லேசான நடுக்கம் இந்த மருந்தில் சகஜம், திடீரென்று கூடுவது அப்படியல்ல. வார்டில் ஒருவர் லித்தியம் சாப்பிடுகிறார் என்றால் வாந்தி பேதி உண்டா, நடை தள்ளாடுகிறதா, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தது என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுவாய். பெற்றவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லையே!

என் அண்ணன் இருபது வருஷம் இதே மாத்திரை சாப்பிட்டவர். ஒரு கோடையில் முதுகுவலிக்கு இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கொண்டார். நாலாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. வீட்டில் ஐந்து பேர் இருந்தோம், அந்த வலி மாத்திரை லித்தியத்தை வெளியேறவிடாமல் ரத்தத்தில் ஏற்றிவிடும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அம்மாவின் மருத்துவரிடம் இன்றே பேசு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், சிறுநீரகத்தையும் சோடியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல். வலி மாத்திரை ஏதாவது போடுகிறாரா, ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக மாத்திரை தொடங்கினார்களா, உப்பைக் குறைத்தாரா என்று விசாரி. தள்ளாட்டம், குழறல், வாந்தி, குழப்பம், இதில் ஒன்று இருந்தாலும் பரிசோதனைக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோகச் சொல்.

அந்த வார்டின் ஒவ்வொரு படுக்கையிலும் நீ அம்மாவைத்தான் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். அது கனக்கத்தான் செய்யும். ஆனால் பெற்றவளை விசாரிக்கப் பயந்து ஒதுங்குகிறவன் அடுத்தவர் அம்மாவுக்கு வைத்தியம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது. தூக்கம் இரண்டு வாரம் தாண்டியும் சரியாகாவிட்டால் உன் துறைப் பேராசிரியரிடமே போய்ச் சொல்.

அப்பா நடுக்கத்தைச் சும்மா பேச்சுவாக்கில் சொல்லவில்லை, தம்பி. வீட்டில் மருத்துவம் படிக்கிறவன் நீ ஒருவன் என்றுதான் சொன்னார். இப்போதே அவரை அழை. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல். பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று நீயே கேள்.