வாசகர் கேள்வி – பதில்: ஓட்டைப் பிரித்தது யார்?

கேள்வி: ஒவ்வொரு முறை தேர்தல் முடிவு வந்த பிறகும், எங்கள் ஊர்ச் சந்திப்பில் தோற்ற கட்சியினர், "அந்தச் சின்னக் கட்சிக்காரர் நின்று ஓட்டைப் பிரித்துவிட்டார், இல்லையென்றால் நாங்கள்தான் ஜெயித்திருப்போம்" என்கிறார்கள். இதை எப்படிச் சரிபார்ப்பது? (தக்கலை வாசகர்)

பதில்: அப்படிச் சொல்பவரிடம் முதலில் இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று, வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான வாக்கு வித்தியாசம். மற்றொன்று, அந்தச் சிறு கட்சி பெற்ற வாக்கு. இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைவாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 2021 சட்டமன்றத் தேர்தலில் நாகர்கோவிலில் பாரதிய ஜனதாவின் எம்.ஆர். காந்தி, தி.மு.க.வின் சுரேஷ்ராஜனை 11,669 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மூன்றாமிடம் பெற்ற நாம் தமிழர் கட்சிக்குக் கிடைத்தவை பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகள். அந்த வாக்குகளில் ஒன்றுகூடச் சிதறாமல் தி.மு.க.வுக்கே போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. மற்றச் சிறு கட்சிகளையும் சுயேச்சைகளையும் சேர்த்துக் கூட்டினால் வித்தியாசத்தைத் தாண்டலாம்தான். ஆனால் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று நம்புவதற்குத் தோற்றவரின் மனவருத்தத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

கணக்கு ஒத்துவரும் இடத்திலும் நிதானம் வேண்டும். அதற்கு நம் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2014 இல் பொன். இராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்குகள் பெற்று வென்றபோது, காங்கிரசின் வசந்தகுமாருக்கு 2,44,244, அ.தி.மு.க.வுக்கு 1,76,239, தி.மு.க.வுக்கு 1,17,933, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 35,284 என்று எதிர்ப்பு வாக்குகள் நான்காகப் பிரிந்தன. காங்கிரசும் தி.மு.க.வும் சேர்ந்திருந்தால் வென்றிருக்கும் என்று அப்போது பலர் பேசினார்கள். கூட்டிப் பார்த்தால் 3,62,177 தான் வருகிறது, பத்தாயிரத்துக்கும் சற்றுக் கூடுதலாக அப்போதும் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பக்கூடியதாக இருந்தது, பட்டியலில் ஐந்தாமிடத்தில் நின்ற மார்க்சிஸ்ட் கட்சியின் வாக்குதான். சிறு கட்சியின் செல்வாக்கு என்று நான் ஒப்புக்கொள்வது இத்தகைய இடத்தைத்தான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து இந்த மூன்று கட்சிகளும் ஒரே அணியில் நின்றன. அ.தி.மு.க. பாரதிய ஜனதாவுடன் சேர்ந்தது. காகிதக் கணக்குப்படி பாரதிய ஜனதாவின் வாக்கு ஐந்தரை லட்சத்துக்கு அருகில் போயிருக்க வேண்டும். 2019 இல் கிடைத்ததோ 3,67,302, அதாவது தனித்து நின்ற அ.தி.மு.க.வை எதிர்கொண்டு பெற்றதைவிட 5,604 குறைவு. காங்கிரஸ் 6,27,235 வாக்குகளுடன் 2,59,933 வித்தியாசத்தில் வென்றது. இடையில் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது, இனயம் துறைமுகத் திட்டத்துக்குக் கடலோரம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது, வேட்பாளர்கள் மீதான மதிப்பீடுகளும் மாறின. கட்சித் தலைமை கைகோத்ததால் மட்டும் தொண்டரின் வாக்கு கைமாறிவிடாது என்பதையும், ஒரு வாக்காளரின் இரண்டாவது விருப்பம் என்ன என்று அவர் சொல்லாமல் நாம் முடிவு செய்ய முடியாது என்பதையும் இந்த இரண்டு தேர்தல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் புரிந்துகொள்வார். "பிரித்தார்" என்ற சொல்லிலேயே, அந்த வாக்கு ஏற்கெனவே தனக்குச் சொந்தம் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. எனக்கு அந்தச் சொல்லே பிடிப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் சிறு கட்சிகளால் முடிவு மாறுவதே இல்லை என்கிறீர்களா? (கருங்கல் வாசகி)

பதில்: இல்லை. நூலிழையில் முடிந்த தொகுதிகளில் எந்தச் சிறு வேட்பாளரும் காரணமாக இருந்திருக்கலாம். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வரும் இராதாபுரத்தில் 2016 இல் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே தேர்தலில் காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். அவர் பெயரையே கொண்ட ஒரு சுயேச்சை அந்த 87 ஐ விடக் கூடுதலாக வாக்குப் பெற்றிருந்தார். வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படத்தை ஒட்டும் வழக்கம் 2015 இல் தொடங்கியது இத்தகைய பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்; படம் இருந்தும் இப்படி நடந்தது. இங்கே "இரண்டாவது விருப்பம் என்ன" என்ற கேள்விக்கே இடமில்லை. தவறிப் போட்ட வாக்கு யாருக்கு உரியது என்பது ஓரளவு தெளிவு.

ஆனால் சிறு கட்சிகளின் பெரிய செல்வாக்கு வாக்கு எண்ணும் நாளில் அல்ல, அதற்குப் பல மாதங்களுக்கு முன், தொகுதிப் பங்கீட்டு அறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. 2006 இல் தனித்து நின்ற தே.மு.தி.க. ஏறத்தாழ 8.4 விழுக்காடு வாக்குப் பெற்றும் ஒரே ஓர் இடத்தைத்தான் வென்றது. ஆனால் அந்த 8.4 இன் பயம்தான் 2011 இல் அ.தி.மு.க. கூட்டணியில் அதற்கு 41 தொகுதிகளைப் பெற்றுத் தந்தது. 29 இடங்களை வென்று எதிர்க்கட்சியாகவே அமர்ந்தது. தோற்று வாங்கிய வாக்கு வீணாகவில்லை, தாமதமாகப் பலித்தது என்று சொல்லலாம்.

இடையில் ஒன்று. "சின்னக் கட்சி" என்று ஏளனமாகச் சொல்வது நம் மாவட்டத்தாருக்குப் பொருந்தாது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற, ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கட்சியின் போராட்டம் இல்லாமல் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்திருக்காது.

கேள்வி: டெபாசிட் இழக்கப் போகிறவருக்கும் நோட்டாவுக்கும் போடும் ஓட்டு ஒன்றுதானே? (குளச்சல் வாசகர்)

பதில்: ஒன்றல்ல. வேட்பாளருக்குப் போடும் வாக்கு செல்லுபடியான வாக்காகக் கணக்கில் சேரும். அந்த மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்தால்தான் வைப்புத்தொகை திரும்பும். சட்டமன்றத்துக்கு அது 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000 ரூபாய், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. வாக்கு விழுக்காடு கட்சியின் அங்கீகாரத்துக்கும் உதவும். நாம் தமிழர் கட்சி 2024 மக்களவைத் தேர்தலில் ஓர் இடமும் வெல்லாமலே எட்டு விழுக்காட்டுக்கு மேல் பெற்று மாநிலக் கட்சி என்ற தகுதியை அடைந்தது. நம் தொகுதியில் அது அ.தி.மு.க.வையே நான்காமிடத்துக்குத் தள்ளியது; என்றாலும் காங்கிரசின் வெற்றி வித்தியாசம் இந்த இரண்டு கட்சிகளின் வாக்குகளையும் கூட்டியதைவிட அதிகம் என்பதால், யாரும் யாரையும் தோற்கடித்ததாகச் சொல்ல வழியில்லை. நோட்டாவோ 2013 இல் வந்தது முதல் எண்ணப்படுகிறது, அவ்வளவுதான். எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர்.

கேள்வி: முதல் இருவரும் சரிசமமாக வாக்குப் பெற்றால்? (பூதப்பாண்டி வாசகி)

பதில்: தேர்தல் நடத்தும் அலுவலர் சீட்டுக் குலுக்கிப் போடுவார், சீட்டு யார் பக்கம் விழுகிறதோ அவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ளப்படும். 2008 இல் இராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் மாநிலத் தலைவர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றதால் அங்கே அந்தக் குலுக்கலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.