டாங்கிப் போரில் ஜெயிப்பது டாங்கியா, தளபதியா?

கேள்வி: "எந்த ராணுவத்திடம் கனமான கவசமும் பெரிய பீரங்கியும் உள்ள டாங்கி இருக்கிறதோ அதுதானே ஜெயிக்கும்? தளபதிக்கு இதில் அப்படி என்ன வேலை?"

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். இரண்டாம் உலகப் போரில், 1940 மே மாதம் பிரான்சில் நடந்ததைப் படித்த பிறகுதான் அந்த நம்பிக்கை உடைந்தது.

ஜெர்மனி சுமார் 2,400 டாங்கிகளோடு வந்தது. பிரான்சிடம் மட்டுமே 3,000க்கு மேல் இருந்தன. ஜெர்மன் டாங்கிகளில் பாதிக்கு மேல் சின்ன வண்டிகள். பான்ஸர் 1-இல் பீரங்கியே கிடையாது, இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள்தான். பிரெஞ்சுக்காரர்களின் ஷார் பி1 பிஸ் டாங்கிக்கோ 60 மில்லிமீட்டர் கவசம். மே 16 அன்று ஸ்டோன் என்ற ஊருக்குள் பியர் பில்லோட் என்ற கேப்டன் அப்படி ஒரு டாங்கியை ஓட்டிக்கொண்டு போய், 13 ஜெர்மன் டாங்கிகளை அழித்துவிட்டுத் திரும்பினார். அந்த வண்டியின் மேல் சுமார் 140 குண்டுகள் பட்டிருந்தன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆனாலும் பிரான்ஸ் தோற்றது.

காரணம் டாங்கியின் மேல்கூட்டுக்குள், அதாவது டரட்டுக்குள், தொடங்குகிறது. ஷார் பி1-இன் டரட்டில் ஒரே ஒரு ஆள். எதிரியைத் தேடுவது, பீரங்கியில் குண்டை நிரப்புவது, குறி பார்ப்பது, சுடுவது, ஓட்டுநருக்கு வழி சொல்வது எல்லாம் அவர் வேலை. ஜெர்மனியின் பான்ஸர் 3, பான்ஸர் 4 இரண்டிலும் டரட்டில் மூன்று பேர். தலைவருக்குப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் மட்டுமே வேலை.

இந்திய ராணுவத்தின் டாங்கிப் படையில் கன்னராக, அதாவது டாங்கியின் பீரங்கியைச் சுடுபவராக, இருந்த என் சித்தப்பா இதை எனக்குப் புரியவைத்த விதம் மறக்காது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் என்னை உட்காரவைத்து, காலண்டர் சுற்றி வந்த அட்டைக் குழாயைக் கையில் கொடுத்தார். "குழாய் வழியா தம்பி எங்கே நிக்கிறான்னு பாரு. பார்த்துக்கிட்டே பக்கத்துல இருக்கிற டம்ளரை எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கு. அடுக்கிக்கிட்டே சித்தி எந்தப் பக்கம் திரும்பணும்னு சத்தமா சொல்லு." மூன்றாவது டம்ளரிலேயே தம்பி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

அடுத்தது வயர்லெஸ். ஜெர்மன் டாங்கிகளில் கேட்கும் கருவியாவது இருந்தது, தலைவர்களின் வண்டியில் பேசவும் முடிந்தது. பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றில் கொடி காட்டித்தான் சேதி சொல்ல வேண்டும். ஜெர்மன் டாங்கிப் படைத் தளபதி ஹைன்ஸ் குடேரியான் முதல் உலகப் போரில் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கம்தான் அவரை மற்ற குதிரைப்படை, காலாட்படைத் தளபதிகளிடமிருந்து பிரித்துக் காட்டியது என்பது என் எண்ணம். அவருடைய கவச வண்டியே ஒரு நடமாடும் தகவல் நிலையம். சங்கேத எந்திரமும் அதற்குள்ளேயே இருந்தது. எதிர்ப்பக்கம் பிரெஞ்சுத் தலைமைத் தளபதி காம்லன் பாரிஸ் அருகே வின்சென் கோட்டையில் இருந்தார். அங்கே ஒரு வயர்லெஸ் நிலையம்கூட இல்லை.

பிரான்சில் மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள செடான் நகரில் இது எப்படி விளையாடியது என்று பாருங்கள். குடேரியானின் படையும் சேர்ந்த ஜெர்மனியின் கிளைஸ்ட் படைக்குழு, சுமார் 41,000 வாகனங்களோடு, டாங்கி வரவே முடியாது என்று பிரான்ஸ் நினைத்திருந்த ஆர்டென் காட்டு வழியாக வந்தது. மே 13 மாலை நான்கு மணிக்கு மியூஸ் ஆற்றைக் கடக்க வேண்டும். புதிதாக ஆணை எழுத நேரமில்லை. கோப்லென்ஸில் முன்பு நடத்திய போர்ப் பயிற்சியின் ஆணைகளை எடுத்து, தேதியையும் நேரத்தையும் மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது எல்லா அதிகாரிக்கும் முன்பே பழகியிருந்தது. இன்னொன்று, அன்று மாலை ஆற்றை முதலில் கடந்தது டாங்கி இல்லை. விமானங்கள் மணிக்கணக்காகக் குண்டு போட, ரப்பர் படகில் காலாட்களும் பாலம் கட்டும் சாப்பர்களும்தான் போனார்கள். பாலம் போட்ட பிறகுதான் டாங்கிகள் வந்தன. டாங்கிப் போர் என்பது டாங்கி மட்டும் போடும் போர் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் அன்று இரவே திருப்பி அடித்திருக்கலாம். ஆணைக்குக் காத்திருந்து மறுநாள் காலையில்தான் கிளம்பினார்கள். அதற்குள் ஜெர்மன் டாங்கிகள் பாலம் தாண்டி அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.

குடேரியானைத் தடுத்தது எதிரியைவிட அவருடைய மேலிடம்தான். பக்கவாட்டில் அடி விழும் என்று பயந்து மே 17 அன்று நிறுத்தச் சொன்னார்கள். பதவியே வேண்டாம் என்றார். கடைசியில் "பலமான உளவுப் பயணம்" என்ற பெயரில் முன்னேற அனுமதி கிடைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தலைமையகத்தைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து முன்னணி வரை டெலிபோன் கம்பி இழுத்தார். வயர்லெஸ்ஸில் பேசினால் ஜெர்மன் ராணுவத்தின் சொந்த ஒட்டுக்கேட்பவர்களே மேலிடத்துக்குச் சொல்லிவிடுவார்களே! தன் பங்கைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் மனிதர்தான், அதையும் மனதில் வைத்தே அவரைப் படிக்க வேண்டும். ஆனால் மே 20 இரவு அவருடைய டாங்கிகள் அபவில் நகரைத் தாண்டி ஆங்கிலக் கால்வாய்க் கரையைத் தொட்டன. செடானில் ஆற்றைக் கடந்து அப்போது ஏழு நாள்தான் ஆகியிருந்தது.