ரெட்லைன் வரை மிதித்தால் இன்ஜின் தேயுமா? கேள்வி பதில்

கேள்வி: சார், என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் கே-சீரிஸ் பெட்ரோல் ஸ்விஃப்ட். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி) காட்டும் மீட்டரில் ஆறாயிரத்துச் சொச்சத்தில் சிவப்புக் கோடு, அதாவது ரெட்லைன், வருகிறது. அந்த எண்ணை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில்: முதல் காரணம் பிஸ்டன். உங்கள் இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை போகும் தூரம், 71.5 மி.மீ. 6,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஒரு வினாடிக்கு 100 முறை மேலே போய்க் கீழே வருகிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று திசை திரும்ப வேண்டும். பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்த்து 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், உச்சியில் அதைப் பிடித்து இழுத்துத் திருப்ப, பிஸ்டனைச் சுழலும் தண்டான கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு கொடுக்க வேண்டிய விசை சுமார் 550 கிலோ எடைக்குச் சமம். 3,000-ல் இது வெறும் 140 கிலோ. 7,000-க்குப் போனால் 750 கிலோ. சுழற்சி இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் சிவப்புக் கோட்டுக்கு மேலே போகும் ஒவ்வொரு ஐந்நூறும், கீழே இருக்கும் ஐந்நூறைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

இரண்டாவது, வால்வு ஸ்பிரிங். வால்வைத் தள்ளித் திறப்பது கேம் என்ற முட்டை வடிவத் துண்டு. அது திறந்துவிட்ட வால்வை மூடுவது ஸ்பிரிங்தான். சுழற்சி எல்லை மீறினால் கேமின் வேகத்துக்கு ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கும், மேலே வரும் பிஸ்டன் அதை முட்டலாம். எரிபொருள் சிக்கனத்துக்காகக் குடும்பக் கார்களில் மென்மையான ஸ்பிரிங் போடுவதால், பல இன்ஜின்களில் பிஸ்டனுக்கு முன்னால் எல்லையைத் தொடுவது இதுதான்.

கேள்வி: அப்படியானால் ஹோண்டா எஸ்2000 மட்டும் எப்படி 9,000 வரை போனது?

பதில்: அதற்கென்றே செய்த பாகங்கள். 1999-ல் வந்த அந்த 2 லிட்டர் இன்ஜினின் ஸ்ட்ரோக் 84 மி.மீ. 9,000-ல் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டர். உங்கள் ஸ்விஃப்ட்டில் 6,000-ல் 14 மீட்டர்தான். 2004-ல் அமெரிக்கச் சந்தைக்கு அதே இன்ஜினை 2.2 லிட்டராக்க ஸ்ட்ரோக்கை 90.7 மி.மீ. ஆக நீட்டினார்கள். உடனே ரெட்லைனை 8,000-க்கு இறக்க வேண்டியிருந்தது. உங்கள் இன்ஜினில் எந்தக் கணக்கும் தப்பவே இல்லை, பிஸ்டன், ராடு, ஸ்பிரிங் எல்லாம் அந்த 14 மீட்டருக்கு ஏற்ற விலையில் செய்தவை, அவ்வளவுதான்.

கேள்வி: சரி, கோட்டுக்குக் கீழேயே, 5,500 வரை அடிக்கடி ஓட்டினால் தேய்மானம் கூடுமா கூடாதா? மெக்கானிக் ஒருவர் கூடும் என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார்.

பதில்: எந்தப் பாகம் என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

கிராங்க் பேரிங்கில் உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. நடுவே ஆயில் படலம் இருக்கிறது. சுழற்சி கூடக்கூட ஆயில் அந்த இடைவெளிக்குள் இழுக்கப்படுவது கூடும், அதனால் படலம் நன்றாக நிற்கும். பேரிங் தேய்வதில் பெரும்பங்கு ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில வினாடிகளுக்கும், தாழ்ந்த சுழற்சியில் கனமான இழுவைக்கும்தான்.

கேம் இதைவிட வியப்பானது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஸ்பிரிங்கின் முழு விசையும் கேமின் மூக்கில், அதாவது அதன் கூர்முனையில், அழுந்துகிறது. வேகம் கூடும்போது வால்வின் ஓட்ட வேகமே அதில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். ஆக, மூக்குப் பகுதிக்கு ஐடில்தான் கடினமான வேலை.

பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) வேறு கதை. பிஸ்டன் உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் படலம் மெலிந்துவிடும். அதே தூரத்தை இரண்டு மடங்கு ஆர்பிஎம்மில் கடந்தால் ரிங் இரண்டு மடங்கு உரசுகிறது. இங்கே தேய்மானம் கூடும் என்பது உண்மை. ஆனால் சரியான ஆயிலும் சரியான சூடும் இருந்தால் அந்தக் கூடுதல் மிகச் சிறியது. ஓவர்டேக் செய்ய பத்து வினாடி 6,000 தொடுவதால் இன்ஜின் வேலை வராது. மணிக்கணக்கில் 5,500-லேயே ஓட்டினால் ஆயிலின் சூடு 130 டிகிரியைத் தாண்டலாம். அப்போது ஆயில் நீர்த்து, சீக்கிரம் கெட்டும் போகும். அப்படி ஓட்டுபவர்கள் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும்.

கேள்வி: ரெவ் லிமிட்டர் இருக்கிறதே, பயமில்லாமல் மிதிக்கலாமே?

பதில்: சுழற்சி எல்லையைத் தொட்டால் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும். சக்கரம் இன்ஜினைச் சுற்றினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாம் கியரில் 6,000-ல் போகும்போது நான்காவதுக்குப் பதில் கை தவறி இரண்டாவதில் போட்டு கிளட்ச்சை விட்டால், இரண்டு கியருக்கும் விகிதம் ஒன்றரை மடங்கு என்றால் முள் 9,000-க்குப் பாயும். வால்வு வளையும், ராடு போல்ட் நீளும். அப்படி நடந்துவிட்டால், வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். உடனே கிளட்ச்சை மிதித்து, ஓரமாக நிறுத்தி அணையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்வதற்கு முன் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) சோதனை செய்யுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றதைவிடக் கணிசமாகக் குறைந்தால் வால்வு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம், வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: அண்ணா, காலையில் வண்டியை எடுத்ததும் பைபாஸ். எவ்வளவு நேரம் பொறுக்கணும்?

பதில்: இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி தம்பி. மீட்டரில் தெரிவது கூலன்ட்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின், சூடு. ஆயில் சூடாக அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். 40 டிகிரியில் ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு கெட்டி. அலுமினியப் பிஸ்டனும் இன்னும் விரிந்து பொருந்தியிருக்காது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாகப் பீய்ச்சும் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் ஐடிலில் விடுவது இந்த நிலையை நீட்டிக்கத்தான் செய்யும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்புங்கள். 2,500-ஐத் தாண்டாமல், ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஓட்டுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். இ46 பிஎம்டபிள்யூ எம்3-யில் ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றி ஆரஞ்சு விளக்குகள் எரியும், ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணையும். எல்லாக் காரிலும் இருக்க வேண்டிய ஏற்பாடு அது.

கேள்வி: மைலேஜுக்காக ஐந்தாம் கியரிலேயே 40 கி.மீ. வேகத்தில் போகிறேன். இன்ஜினுக்கு நல்லதுதானே?

பதில்: சமதரையில் லேசாகப் போகும்வரை பாதகமில்லை. மேட்டில் அதே கியரில் முழுதாக மிதித்து இன்ஜின் திணறினால், 5,500-ல் ஓட்டுவதைவிடக் கெடுதல். படலம் மெலிந்த நேரத்தில் முழு அழுத்தமும் பேரிங்கில் விழும். டர்போ பெட்ரோல், அதிலும் நேரடி இன்ஜெக்ஷன் என்றால் ஸ்பார்க்குக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஒரே அடியில் பிஸ்டனில் ரிங் உட்காரும் பகுதியை உடைக்கக்கூடியது அது. அந்த வகைக் கார்களுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்பி தர ஆயிலே போடுங்கள். 2020-ல் வந்த அந்தத் தரத்தில் இதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. கியரைக் குறைத்து 2,000-க்கு மேல் கொண்டுவந்துவிட்டு மிதியுங்கள்.

கேள்வி: நியூட்ரலில் ரேஸ் பண்ணிச் சத்தம் கேட்பது?

பதில்: வேண்டாம். சுமை இல்லாததால் முள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறிவிடும், பலன் ஒன்றும் இல்லை. டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் இப்படி மிதிக்க வேண்டிவரும். அதற்கு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஆயில் அளவு பார்த்த பிறகு மட்டும் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஊட்டி பக்கம் கல்லட்டி மலைப்பாதை இறக்கத்தில் இரண்டாம் கியரில் 4,000 காட்டுகிறது. பயந்து மூன்றாவதுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றவே மாற்றாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டும் நம்பினால் பேட் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நிலையில் 4,000 என்பது எரிப்பழுத்தமே இல்லாத ஓட்டம், இன்ஜினுக்கு லேசான வேலை. 5,000-ஐ நெருங்கினால் பிரேக்கைச் சில வினாடி அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். கியர் அதேதான்.

கேள்வி: வேகமாக ஓட்டிய பிறகு ஆயில் குறைகிறது. கவலைப்படணுமா?

பதில்: கொஞ்சம் குறைவது இயல்பு. சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) எடுத்துப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ்க்குறியில் வைத்துக்கொண்டு வளைவில் வேகமாகப் போனால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். பேரிங் போக அது போதும். மேல்குறிக்கு மேலே ஊற்றுவதும் தப்பு. கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்குப் படலம் நிற்காது. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்தால் கம்ப்ரெஷனையும் வால்வு சீலையும் பார்க்கச் சொல்லுங்கள்.