அம்மாவின் சங்கிலியை மாற்றும் முன்

கேள்வி: அம்மா தந்த 5 பவுன் சங்கிலி இருக்கிறது. நாற்பது வருடப் பழசு, முத்திரை எதுவும் இல்லை. மகள் கல்யாணத்துக்கு இதைக் கொடுத்துவிட்டு அதே எடையில் புது மாடல் எடுக்க நினைக்கிறேன். ஒரு கடையில் 12 சதவீதம் சேதாரம் என்கிறார்கள். இன்னொரு கடையில் சேதாரமே கிடையாதாம். ஹால்மார்க் இல்லாத நகையை இனி யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறார் உறவினர். எதை நம்புவது?

பதில்: உறவினர் சொல்வது சரியில்லை. 2021 ஜூனிலிருந்து படிப்படியாக வந்த ஹால்மார்க் கட்டாயம், கடைக்காரர் நமக்கு விற்கும் நகைக்குத்தான். வீட்டில் இருக்கும் பழைய நகையை நாம் விற்கவோ மாற்றவோ தடை இல்லை.

சேதாரத்தைவிட முக்கியமான கேள்வி, உங்கள் சங்கிலியில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பது. அந்தக் காலத்தில் ஆசாரியிடம் செய்த நகைகளில் பற்றவைக்கப் போட்ட பொடி அதிகம். 22 காரட் என்று சொல்லிச் செய்ததுகூட உருக்கினால் குறைவாக வருவதுண்டு. ஒரு பேச்சுக்கு 84 சதவீதம் சுத்தத் தங்கம் வருகிறது என்று வையுங்கள். 40 கிராம் சங்கிலி, 916 (22 காரட், அதாவது 91.6 சதவீதம் தங்கம்) கணக்கில் சுமார் 36.7 கிராம்தான். அதிலேயே 3.3 கிராம் போயிற்று. புது 40 கிராம் நகைக்கு 12 சதவீதம் சேதாரம் 4.8 கிராம். ஆக, ஒரு பவுனுக்கு மேல் கைவிட்டுப் போகிறது. இதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. அதுவும் பழையதைக் கழித்த பாக்கிக்கு இல்லை, புது நகையின் முழு விலைக்கும்.

'சேதாரம் இல்லை' என்று சொல்லும் கடையும் சும்மா செய்து தரப்போவதில்லை. பழைய நகையின் தரத்தைக் குறைத்துப் போடலாம், பழைய தங்கத்துக்குத் தனி ரேட் வைக்கலாம், செய்கூலியில் ஏற்றலாம். அதனால் இரண்டு பேரத்தையும் பிரித்துப் பேசுங்கள். புது மாடலைக் கையில் எடுப்பதற்கு முன்பே பழையதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிவிடுங்கள். கழுத்தில் போட்டுக் கண்ணாடி பார்த்த பிறகு எந்த அம்மாவாலும் கறாராகப் பேச முடியாது!

முதலில் காரட் மீட்டரில் (நகையை உருக்காமலே தரம் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நகைக்குச் சேதம் இல்லை. ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். பழைய நகைக்குப் பற்றவைத்த இடத்தில் ஒரு எண், கண்ணியில் இன்னொரு எண் வரும். ஆகவே நான்கைந்து இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். உருக்கிப் பார்ப்பதுதான் துல்லியம். ஆனால் உருக்கிவிட்டால் திரும்பி வராது. மாற்றுவது என்று முடிவான பிறகே அதற்குச் சம்மதியுங்கள். உருக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், முன்னும் பின்னும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், தரம் குறைவாக வந்தால் மாற்றவே வேண்டாம். கொக்கி தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றி, லேசாக பாலிஷ் போட்டு மகளுக்குக் கொடுங்கள். கையால் செய்த பழைய கண்ணி வேலை இன்று கேட்டாலும் எளிதில் கிடைக்காது. புது மாடல் ஆசைக்குச் சின்னதாக ஒன்று தனியாக எடுக்கலாம். மெஷின் செயினுக்குச் சேதாரம் குறைவு, கையால் உருவங்கள் செதுக்கும் நகாஸ் வேலைக்கு அதிகம்.

எது எடுத்தாலும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 22கே916, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும் நகையில் இருக்க வேண்டும். கடையிலேயே 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் வகையும் தரமும் தெரியும். வளையல் வாங்கும்போது மோதிரம் என்று வந்தால் வாங்காதீர்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலை போட வேண்டும். பில்லில் அதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.