ஃபெர்ரிப் பணத்துக்குப் பூட்டு உண்டா? கேள்வி பதில்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ஓட்டும் ஃபெர்ரிகளின் (ஆளையும் காரையும் அக்கரை சேர்க்கும் படகுகளின்) நிதி பற்றி மட்டும் கேளுங்கள். தீவில் குடியிருக்கிறேன். அதனால் மாநிலப் போக்குவரத்து பட்ஜெட்டை வரிவிடாமல் படிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. ரீஃபண்ட் எப்போது வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

தீவுவாசி: ஃபெர்ரிக்கான பணம் அரசமைப்புச் சட்டத்திலேயே பாதுகாக்கப்பட்டிருக்கிறதாமே, அப்புறம் என்ன பயம் அண்ணா?

பாதி உண்மை. 1944இல் வந்த 18ஆவது திருத்தம், பெட்ரோல் வரியையும் வாகன உரிமக் கட்டணத்தையும் நெடுஞ்சாலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்கிறது. சாலையின் பகுதியாக ஓடும் ஃபெர்ரியும் நெடுஞ்சாலைச் செலவுதான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆக, உண்டியலுக்குப் பூட்டு இருக்கிறது. ஆனால் உண்டியலில் யாராவது காசு போட்டே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அதே உண்டியலில்தான் பாலம், மேம்பாலம், சாலைப் பராமரிப்பு எல்லாமே கையை நுழைக்கின்றன.

1999இல் நடந்ததைப் பாருங்கள். அப்போது ஒவ்வொரு வாகனத்துக்கும் அதன் மதிப்பில் 2.2 சதவீதம் ஆண்டு வரி. அதில் ஒரு பங்கு சட்டப்படி ஃபெர்ரிக்கு. இந்த வரி 18ஆவது திருத்தத்தின் பூட்டுக்கு வெளியே இருந்தது. அந்த நவம்பரில் ‘கார் டேப் (வாகனத்தின் ஆண்டுப் பதிவுக் கட்டணம்) 30 டாலர் போதும்’ என்ற 695ஆம் முன்மொழிவு மக்கள் வாக்கில் ஜெயித்தது. அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் சட்டமன்றமே அந்த வரியை ரத்துசெய்து 30 டாலராக்கிவிட்டது. வழக்கில் ஜெயித்தும் பணம் திரும்பவில்லை.

ஃபெர்ரிக்கான பணத்தை யாரும் திருடவில்லை, வேறு துறைக்கு மாற்றவும் இல்லை. வரியே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வேறு கணக்குகளிலிருந்து ‘ஒருமுறை மாற்றல்’ செய்து ஒப்பேற்றினார்கள். பட்ஜெட்டில் ‘ஒருமுறை’ என்ற சொல்லைக் கண்டால் பேனாவை எடுத்து வட்டம் போடுங்கள். இன்று இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

வெங்கி: இவ்வளவு தொல்லைக்குப் பாலமே கட்டிவிடலாமே?

1951இல் மாநிலம் தனியார் கம்பெனியிடமிருந்து ஃபெர்ரிகளை வாங்கியபோது எண்ணம் அதுதான்: பாலங்கள் வரும்வரை தற்காலிக ஏற்பாடு. ஆனால் ஃபெர்ரிகள் ஓடும் பியூஜெட் சவுண்ட் என்ற கடல் உள்வாயில் சில இடங்களில் ஆழம் 200 மீட்டருக்கும் மேல். ஹூட் கால்வாயில் மிதவைப் பாலம் கட்டினோம். 1979 பிப்ரவரிப் புயலில் அதன் மேற்குப் பாதி மூழ்கி, மறுபடி திறக்க 1982 ஆயிற்று.

சுமதி: டிக்கெட் விலையை ஏற்றிச் சமாளிக்க முடியாதா சார்?

ஓட்டும் செலவில் பெரிய பங்கை டிக்கெட் ஏற்கெனவே தாங்குகிறது. புதுப் படகு வேறு கதை. 2011இல் ஒவ்வொரு டிக்கெட்டிலும் படகு கட்டுவதற்கென்று 25 சென்ட் வாங்க ஆரம்பித்தார்கள், பிறகு அது கூடியது. 2025இல் மூன்று ஹைப்ரிட் படகுகளுக்கு ஃபுளோரிடா கப்பல் தளம் ஒன்று கேட்ட விலை சுமார் 71 கோடி டாலர். ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பயணம். எல்லாப் பயணத்துக்கும் அந்த ஆரம்ப 25 சென்ட் என்று வைத்துக்கொண்டால் சுமார் 140 ஆண்டு உட்கார்ந்து எண்ண வேண்டும்.

பாலு: படகு துறையில் நிற்கிறது, ஆனால் ‘ஆள் இல்லை, ரத்து’ என்கிறார்களே?

கடலோரக் காவல்படை குறித்த எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைந்தாலும் புறப்பட முடியாது. முன்வரிசைக் காரின் சக்கரத்துக்குக் குனிந்து கட்டை வைக்கிறாரே, அவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

கோதுமைக்காரன்: நான் மாநிலத்தின் கிழக்கே, ஸ்போக்கேன் பக்கம். வாழ்நாளில் இரண்டு தடவை ஃபெர்ரி ஏறியிருப்பேன். கடற்கரை வீட்டுக்காரர்கள் ஊர் போக என் பெட்ரோல் வரி எதற்கு?

நியாயமான கேள்வி, மழுப்பமாட்டேன். மாநில நெடுஞ்சாலை 20 தெரியுமா? போர்ட் டவுன்சென்டிலிருந்து ஃபெர்ரியில் கடந்து, கேஸ்கேட் மலை ஏறி, ஐடஹோ எல்லையில் நியூபோர்ட் வரை ஒரே எண், ஒரே சாலை. மலைப் பகுதி குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும், வசந்தத்தில் பனியை வெட்டி எடுத்துத் திறப்பார்கள். அந்தச் செலவுக்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை. அதே சாலையின் தண்ணீர்த் துண்டுக்கு மட்டும் காசு வாங்குகிறோம்.

கோதுமைக்காரன்: பனி வருஷத்துக்கு ஒரு தடவை. படகுக்கு தினமும் டீசல். இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இங்கே டிக்கெட். ஆனால் உங்கள் பக்கமே ஒரு ஃபெர்ரி இருக்கிறதே! ரூஸ்வெல்ட் ஏரியில், நெடுஞ்சாலை 21இல், கெல்லர் ஃபெர்ரி. மாநிலம்தான் ஓட்டுகிறது. கட்டணம் எவ்வளவு? பூஜ்யம்.

கோதுமைக்காரன்: அது குட்டிப் படகு சார்!

குட்டிதான். கொள்கை குட்டியா?

மீனா: நான் சியாட்டிலுக்கு எதிரே பெயின்பிரிட்ஜ் தீவுவாசி. கெல்லர் இலவசம் என்றால் எங்களுக்கும் ஏன் இலவசமில்லை?

போச்சு, நானே வம்பை விலைக்கு வாங்கிவிட்டேன். அம்மா, அங்கிருந்து சியாட்டில் போகும்போது நடந்து ஏறினால் டிக்கெட் இல்லை. இருப்பதைக் காப்பாற்றுவோம்.

கோதுமைக்காரன்: சரி, கெல்லர் விஷயத்தில் மடக்கிவிட்டீர்கள். 71 கோடியை இன்னும் மன்னிக்கவில்லை.

நானும்தான். பத்தாண்டுக்கு ஒரு தடவை மூச்சுமுட்ட வாங்குவதைவிட, சீராகப் பணம் வந்து ஒவ்வொன்றாகக் கட்டியிருந்தால் இந்தத் திண்டாட்டம் குறைந்திருக்கும்.

ராம்: பாலம் கட்டினால் என்ன?

மேலே பாருங்கள்.

நித்யா: படகுகள் அவ்வளவு பழசா?

2007 நவம்பரில் நான்கு படகுகளை ஒரே நாளில் நிறுத்தினார்கள். உடல் இரும்பு அரித்துப்போயிருந்தது. 1927இல் கட்டியவை. அதுவும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்காக. அங்கே பாலங்கள் வந்ததும் 1940இல் இங்கே வந்து சேர்ந்தன. (பாலக் கட்சியினர் கவனிக்க: அவர்கள் பாலம் கட்டினார்கள், நமக்குப் பழைய படகு கிடைத்தது.) அப்போது போர்ட் டவுன்சென்ட் தடத்தில் ஓட்ட வேறு கார் படகு இருக்கவில்லை. 1999க்குப் பிறகு 2010 வரை ஒரு புது கார் ஃபெர்ரிகூட வரவில்லை. டெண்டர் தகராறும் ஒரு காரணம். ஆனால் 1999 என்ற ஆண்டைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

குமரன்: 2025இல் பெட்ரோல் வரியை ஏற்றினார்களே, போதாதா?

கேலனுக்கு 49.4 சென்ட் 55.4 ஆயிற்று, இனி ஆண்டுக்கு 2 சதவீதம் கூடும். நல்லது. ஆனால் வரி கேலனுக்கு, மைலுக்கு இல்லை. மின்சாரக் கார் கேலனே வாங்காது.

அகிலா: கார்பன் ஏலப் பணம்?

கார்பன் வெளியேற்றும் உரிமத்தை மாநிலம் ஏலம்விட்டு வரும் பணம், 2021 சட்டத்தின்படி. ஹைப்ரிட் படகுகளுக்கு அதை நம்பியிருக்கிறோம். 2024 நவம்பரில் அந்தச் சட்டத்தையே ரத்துசெய்ய வந்த 2117ஆம் முன்மொழிவு தோற்றது. ஜெயித்திருந்தால் 1999 மறுபடி வந்திருக்கும். ஏல விலையும் ஏறி இறங்கும்.

ஜான்சன்: அலாஸ்காவில் எப்படி?

நம்மைவிட மோசம். வரியை ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கிவைக்க அங்கே அரசமைப்புச் சட்டமே தடை. ஃபெர்ரி ஒவ்வோர் ஆண்டும் கையேந்த வேண்டும். 2019இல் ஆளுநர் ஃபெர்ரிப் பணத்தை வெட்டியபோது கரையோர ஊர்கள் பட்டது கொஞ்சமில்லை.

சுரேஷ்: தனியாருக்குக் கொடுத்துவிட்டால்?

1951க்கு முன் அப்படித்தான். கட்டணச் சண்டை தாங்காமல்தான் மாநிலம் வாங்கியது.

லதா: எம்.எல்.ஏ.வுக்கு எழுத வேண்டும். என்ன எழுதலாம் அண்ணா?

‘ஃபெர்ரியைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதாதீர்கள், எல்லோரும் ‘கண்டிப்பாக’ என்று பதில் போடுவார்கள். இரண்டு கேள்வி போதும்: இந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? தொடர்ந்து வருமா, ‘ஒருமுறை’தானா? (வட்டம் போட்டாயிற்றா?) மசோதா எண்ணை முதல் வரியில் போடுங்கள். கமிட்டி விசாரணைக்குத் தலைநகர் ஒலிம்பியா வரை போக வேண்டாம், இணையத்திலேயே ஆதரவு, எதிர்ப்பு பதியலாம். இரட்டைப்படை ஆண்டில் கூட்டத்தொடர் 105 நாள், ஒற்றைப்படைக்கு... மன்னிக்கவும், மாற்றிச் சொல்லிவிட்டேன்: ஒற்றைப்படை ஆண்டில் 105, இரட்டைப்படையில் 60. இரண்டாண்டு பட்ஜெட் போடுவது அந்த 105இல்தான்.

பிரபு: இப்போதுதான் வந்தேன். ஒரு யோசனை, பாலம்...

இல்லை.